அப்பன் பேச்சைக் கேட்காத மொழி

1896-ஆம் ஆண்டு. தியோடர் ஹெர்ஸல் என்கிற வியன்னா பத்திரிகையாளர், யூதர்களுக்கென்று தனி நாடு வேண்டும் என்று ஒரு சின்னப் புத்தகம் வெளியிடுகிறார். கம்பீரமான தாடி, பிரமாதமான கோட்டு, அதைவிடப் பிரமாதமான ஜெர்மன். நாடே இன்னும் இல்லை, ஆனால் கொடி தயார். ஜனங்கள் தினம் ஏழு மணி நேரம் வேலை செய்தால் போதும், அதைச் சொல்லக் கொடியில் ஏழு தங்க நட்சத்திரங்கள். அவ்வளவு நுணுக்கமாக யோசித்த மனிதர், மொழி என்று வந்ததும் மட்டும் தொண்டையைச் செருமுகிறார். ஹீப்ருவா? அதில் ஒரு ரயில் டிக்கெட் கேட்டு வாங்கும் அளவுக்காவது நம்மில் யாருக்குத் தெரியும்? சுவிட்சர்லாந்தில் இருக்கிற மாதிரி அவரவர் மொழியை அவரவர் பேசிக்கொள்ளட்டும் என்று அந்த அத்தியாயத்தை மூடிவிட்டார்.

நியாயமான கேள்விதான். ஒரே ஒரு சிக்கல். அவர் அதை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், ஜெருசலேமில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் ஹீப்ருவைத் தவிர வேறு மொழி காதில் விழாமல் வளர்க்கப்பட்டு, நன்றாகவே வாயாடிக்கொண்டிருந்தான். ஜெருசலேமில் ரயிலும் ஓடத் தொடங்கியிருந்தது. டிக்கெட் வாங்கியிருப்பான்!

அந்தப் பையனின் அப்பாதான் நம் கதாநாயகர். பெயர் எலியேசர் பென் யெஹூதா. அசல் பெயர் பெர்ல்மன். 1858-இல் ரஷ்யப் பேரரசின் லுஷ்கி என்கிற குக்கிராமத்தில், இன்றைய பெலாரஸில், பிறந்தவர். ரபியாக வரட்டும் என்று வேதபாடசாலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு வாத்தியார் பையனுக்கு ரகசியமாக ஒரு புத்தகத்தைக் காட்டினார். ஆபாசப் புத்தகமோ என்று நினைக்காதீர்கள். ராபின்சன் குரூஸோ, ஹீப்ரு மொழிபெயர்ப்பில்! கடவுளிடம் மட்டுமே பேச வேண்டிய மொழியில், தீவில் மாட்டிக்கொண்ட ஒரு கப்பல்காரனின் கதை. பையன் கவிழ்ந்துவிட்டான். ஆளில்லாத தீவில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதும் ஒரு வாழ்க்கைதான் என்று அன்றைக்கே முடிவு செய்திருப்பார் போல.

பிறகு மருத்துவம் படிக்க பாரிஸுக்குப் போனார். டாக்டராவதற்கு முன்னால் நோயாளியாகிவிட்டார். காசநோய். அந்தக் காலத்தில் அது ஏறக்குறைய மரண ஓலை. எஞ்சியிருப்பது கொஞ்ச காலம்தான் என்று தெரிந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஊருக்குப் போய் அம்மா கையால் நாலு நாள் சாப்பிடுவோம். இவர் சுமார் 1,700 ஆண்டுகளாக யார் வீட்டிலும் தாய்மொழியாக இல்லாத ஒரு மொழியை எழுப்பப் புறப்பட்டார். 1881-இல் பாலஸ்தீனத்தில் வந்து இறங்கினார். காசநோய் தோற்றுப்போய், அவரை மேலும் 41 ஆண்டுகள் விட்டுவைத்தது.

புறப்பட்டவர் தனியாக வரவில்லை. மனைவி டெபோராவையும் கூட்டிவந்தார். இனி நம் வீட்டில் ஹீப்ரு மட்டும்தான் என்று அறிவித்தார். டெபோராவுக்கு அந்த மொழி அவ்வளவாகத் தெரியாது. புதுமணத் தம்பதி, புது ஊர், பேசக்கூடாத மொழிகள் எல்லாம் சரளமாகத் தெரியும், பேச வேண்டிய மொழி மட்டும் தெரியாது. தாம்பத்திய அமைதிக்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

டெபோராவை விடுங்கள், அவருக்கே வார்த்தை கிடையாது. பைபிளில் போருக்கும் பலிக்கும் சாபத்துக்கும் வேண்டிய சொற்கள் ஏராளம். ஒரு வாய் காபி கேட்கத்தான் வழியில்லை. அந்த வீட்டுக் காலை நேரத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். கணவர் கையை நீட்டுவார். “இதை எடுத்து, இந்த மாதிரி பண்ணி, அதைக் கொண்டுவா, நான் குடிக்கிறேன்.” ரெண்டு ‘இது’, ஒரு ‘அது’, நடுவில் கொஞ்சம் அபிநயம். தீர்க்கதரிசிகள் முழங்கிய மொழி, அடுப்படியில் ஊமை நாடகமாக மறுபிறவி எடுத்தது.

1882-இல் பையன் பிறந்தான். இப்போதுதான் நிஜமான பரிசோதனை. குழந்தையின் காதில் வேறு மொழி ஒரு சொல்கூட விழக்கூடாது. விளையாடப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளா? கூடாது, அவர்களுக்கு ஐரோப்பிய யூதர்களின் வீட்டுமொழியான யிட்டிஷ் தெரியும். பையன் வெகுநாள் வாய் திறக்கவில்லை. ஒருநாள் அப்பா வெளியே போன நேரம் பார்த்து அம்மா, பாவம், ஒரு ரஷ்யத் தாலாட்டை முணுமுணுத்திருக்கிறாள். திரும்பி வந்த அப்பா அதைக் கேட்டுவிட்டு வீட்டை இரண்டாக்கினார். அந்த ரகளையில் மிரண்டுபோய்த்தான் குழந்தை முதன்முதலாக ‘அப்பா’ என்று ஹீப்ருவில் கத்தியதாம். (ஹீப்ருவிலும் அது ‘அப்பா’தான், சிரமமே இல்லை!) இந்தக் கதையை நமக்குச் சொன்னது அந்தக் குழந்தையேதான். வளர்ந்து பத்திரிகைக்காரர் ஆனபிறகு சொன்னது. ஆகவே மசாலா தாராளமாக இருக்க வாய்ப்பு உண்டு.

வெளியில் இன்னொரு யுத்தம். ஜெருசலேமின் ஆசாரமான யூதர்களை இழுக்க வேண்டுமென்று, நம் ஆள் தாடி வளர்த்தார், ஆசார உடை போட்டார், மனைவியைத் தலையை மறைத்து விக் வைக்கச் சொன்னார். பக்தி வேஷம் சில ஆண்டுகள் ஓடியது. எதிராளிகள் ஏமாறவில்லை. தெய்வ மொழியில் காய்கறி விலை பேசுகிறானே இந்தப் பாவி என்று கொதித்துப்போய் அவரைச் சாதிப்பிரஷ்டம் செய்தார்கள். அதோடு விட்டார்களா? 1893-இல் அவர் நடத்திய பத்திரிகையில் மாமனார் ஒரு பண்டிகைக் கட்டுரை எழுதினார். அதில் ‘வலிமையைத் திரட்டிக்கொண்டு முன்னேறுவோம்’ என்கிற மாதிரி ஒரு வரி. வலிமைக்கு ஹீப்ருவில் என்ன சொல்லோ அதற்கே படை என்றும் பொருள். உடனே ஓட்டோமான் அதிகாரிகளிடம் மொட்டைக்கடிதம் பாணியில் புகார் போனது. சுல்தானுக்கு எதிராகப் படை திரட்டுகிறான்! எழுதியது மாமனார், உள்ளே போனது மருமகன். ஹீப்ருவில் நிறையச் சொற்கள் இல்லையென்று புலம்பியவரை, இருந்த ஒரு சொல்லின் இரண்டு அர்த்தம் ஜெயிலுக்கு அனுப்பியது.

இங்கே ஒரு நிமிஷம். ‘செத்த மொழியை ஒற்றை ஆளாக உயிர்ப்பித்தார்’ என்று பள்ளிக்கூடப் புத்தக நடையில் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் நாடி பிடித்துப் பார்ப்போம். ஹீப்ரு உண்மையில் சாகவே இல்லை. ரபிகள் ஊர்விட்டு ஊர் அதில் கடிதம் எழுதினார்கள். மருத்துவமும் தத்துவமும் கவிதையும் அதில் வந்தன. 1853-இலேயே ஆப்ரஹாம் மாபு என்பவர் ஹீப்ருவில் காதல் நாவல் எழுதிவிட்டார். ஜெருசலேம் சந்தையில் மொராக்கோ யூதரும் போலந்து யூதரும் சந்தித்தால், இருவருக்கும் பொதுவாக இருந்தது தட்டுத்தடுமாறும் ஹீப்ருதான். ஆக, நம்மவர் உயிர் கொடுக்கவில்லை. ஏற்கெனவே மூச்சுவிட்டுக்கொண்டிருந்தவரை எழுப்பி வேலைக்கு அனுப்பினார். இரண்டில் எது கஷ்டம் என்று வயதுக்கு வந்த பிள்ளை வைத்திருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

சரி, அந்தப் புனிதமான எழுத்துகள்? 22 எழுத்து, வலமிருந்து இடம், கட்டம் கட்டமாகப் பார்க்கவே கம்பீரம். மோசேக்கு மலைமேல் கிடைத்த கற்பலகையில் இதே எழுத்தைத்தான் ஓவியர்கள் போடுவார்கள். உண்மை என்னவென்றால் இது இரவல் சட்டை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் பாபிலோனுக்குக் கைதிகளாகப் போனவர்களின் சந்ததி, அந்தப் பக்கத்து அரமேய எழுத்தில் எழுதப் பழகிவிட்டது. பழைய ஹீப்ரு எழுத்து மெல்ல வழக்கொழிந்தது. அதன் வாரிசை இன்றுவரை பத்திரமாக வைத்திருப்பவர்கள் யார் தெரியுமா? சமாரியர்கள். யாரோடு கொடுக்கல் வாங்கலே கூடாது என்று யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்தார்களோ, அதே சமாரியர்கள்.

இன்னொரு விசேஷம், இந்த எழுத்தில் உயிரெழுத்துக்கு முறையான இடமே கிடையாது. ‘ப, ல வாங்கி வரவும்’ என்று மனைவி சீட்டு எழுதிக் கொடுத்தால் நீங்கள் பால் வாங்குவீர்களா, பல் வாங்குவீர்களா, புலியைப் பிடித்துக்கொண்டு வருவீர்களா? ஹீப்ரு வாசகர் தினமும் இதைத்தான் செய்கிறார். ஒரே மூன்று எழுத்தைப் புத்தகம் என்றும் வாசிக்கலாம், முடிதிருத்துபவர் என்றும் வாசிக்கலாம், எண்ணினான் என்றும் வாசிக்கலாம். இடம் பார்த்து முடிவு செய்துகொள்ள வேண்டியதுதான். திபேரியா நகரத்துப் பண்டிதர்கள் சில நூற்றாண்டுகள் உட்கார்ந்து, எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளியும் கோடும் வைத்து ஒரு அருமையான முறையை வகுத்தார்கள். இன்றைக்கு அந்தப் புள்ளிகளை நீங்கள் குழந்தைகள் புத்தகத்திலும் கவிதையிலும் பிரார்த்தனைப் புத்தகத்திலும் பார்க்கலாம். நாளிதழில் தேடாதீர்கள். பெரியவர்கள் ஆகிவிட்டோம் என்பதற்கு அங்கே அடையாளம், சரியாக ஊகிப்பது.

ஊகம் தப்பினால் என்ன ஆகும்? ரோமில் போய் மைக்கேலாஞ்சலோ செதுக்கிய மோசே சிலையைப் பாருங்கள். தசைநார் ஒவ்வொன்றும் அற்புதம். தாடி அற்புதம். தலையில் இரண்டு கொம்பு! சீனாய் மலையிலிருந்து இறங்கியபோது மோசேயின் முகம் ஒளி வீசியதாக யாத்திராகமம் சொல்கிறது. அந்த மூன்று மெய்யெழுத்தில் வேறு உயிரை ஏற்றினால் கொம்பு என்று வரும். சுமார் கி.பி. 400-இல் லத்தீனில் மொழிபெயர்த்த புனித ஜெரோம் கொம்புப் பக்கம் சாய்ந்தார். அவர் தெரிந்தேதான் செய்தார், கொம்பு என்றால் மகிமை என்று அவருக்காக வாதாடுகிறவர்களும் உண்டு. இருக்கட்டும். வக்காலத்து மோசேக்கு ஒன்றும் உதவவில்லை. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அந்த மனிதர் கொம்போடுதான் நிற்கிறார்.

நம் கதாநாயகருக்குத் திரும்புவோம். எழுத்து இருக்கிறது, சொல்தான் வேண்டும். மனிதர் சொல் உற்பத்தியில் இறங்கினார். அகராதி, செய்தித்தாள், சைக்கிள், பொம்மை, ஐஸ்கிரீம் என்று அவர் பட்டறையில் வார்த்தவை இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ஆனால் தக்காளி வந்து மானத்தை வாங்கியது. யெஹியேல் மிகேல் பினேஸ் என்கிற இன்னொரு பண்டிதர், ஜெர்மன்காரர்கள் தக்காளியைக் காதல் ஆப்பிள் என்கிறார்களே என்று, காம இச்சையைக் குறிக்கும் வேரிலிருந்து ‘அக்வானியா’ என்று ஒரு சொல்லை வைத்தார். பென் யெஹூதாவுக்கு ஒரே அருவருப்பு. குடும்பத்தில் பெண்டு பிள்ளைகள் சாப்பிடுகிற சாலட்டில் காமமா? அரபியிலிருந்து எடுத்து ‘பதூரா’ என்று கௌரவமான மாற்று கொடுத்தார். ஜனங்கள் இரண்டையும் ருசி பார்த்துவிட்டுக் காமத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் வீட்டில் மட்டும் பதூரா என்றே சொல்லிவந்தார்களாம்.

அதைவிட வேடிக்கை மின்சாரம். எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட தெய்வ தரிசனத்தில், அக்கினியின் நடுவே ‘ஹஷ்மல்’ என்று ஏதோ ஒன்று ஜொலிக்கிறது. அது என்னவென்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசைப்படவும் கூடாது. ஒரு சிறுவன் அதன் பொருளைப் புரிந்துகொண்டதும் அதிலிருந்து நெருப்பு வந்து அவனை எரித்துவிட்டது என்று யூதர்களின் பழைய சட்டநூலான தல்மூத் எச்சரிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவிஞர் யெஹூதா லேப் கோர்டன் அந்தச் சொல்லைத் தூக்கி மின்சாரத்துக்கு வைத்தார். கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘எலெக்ட்ரான்’ என்று இருந்ததுதான் துப்பு. இன்று இஸ்ரேலில் ஹஷ்மல் என்று ஒரு பில் வருகிறது. அதன் பொருள் புரிந்தவுடன் வயிறு எரிவது இப்போதும் உண்டு.

இதற்கெல்லாம் பிறகும் பென் யெஹூதா குடும்பத்தைச் சேர்த்தாலும் ஜெருசலேமில் ஹீப்ரு பேசிய வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். மொழியை நிஜமாக நடக்க வைத்தவர்கள், யாரும் சிலை வைக்காத பள்ளிக்கூட வாத்தியார்களும் பாலர் பள்ளி டீச்சர்களும்தான். குடியேற்ற ஊர்களில் இரவு பாடம் படித்துவிட்டு, காலையில் அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெற்றோரைத் திருத்தினார்கள். தாய்மொழி என்றால் தாய் பிள்ளைக்குச் சொல்லித் தருவது என்று உலகமே நம்பிக்கொண்டிருக்க, இங்கே பிள்ளைகள் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

1913-இல் ஹைஃபாவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி கட்டினார்கள். பணம் கொடுத்த ஜெர்மன் யூதர் சங்கம், விஞ்ஞானம் மட்டும் ஜெர்மனில் இருக்கட்டும், ஹீப்ருவில் ஏது பௌதிகம் என்றது. மாணவர்கள் ஸ்டிரைக். வாத்தியார்களும் ஸ்டிரைக். பாடத்தைக் கட் அடித்துவிட்டு அதை மொழிப் போராட்டம் என்று சொல்லிக்கொள்ள வாய்த்த பாக்கியவான்கள்! கடைசியில் ஹீப்ரு ஜெயித்தது. உடனே உலகப் போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட, கல்லூரி திறந்தது 1924-இல். பதினோரு ஆண்டு தாமதத்தில் பௌதிகத்துக்கு வேண்டிய சொற்களைச் செய்துகொள்ள நேரமும் கிடைத்துவிட்டது.

ஜெயித்தவர்களுக்குக் கொஞ்சம் திமிர் வருமல்லவா? 1923-இல் டெல் அவிவ் பள்ளி மாணவர்கள் ‘மொழிக் காவலர் படை’ ஆரம்பித்தார்கள். தெருவில் யிட்டிஷ் பேசுகிறவரைப் பார்த்தால், யூதனே ஹீப்ரு பேசு என்று கூவுவது வேலை. 1930-இல் ஒரு யிட்டிஷ் சினிமா டெல் அவிவுக்கு வந்தது. கொட்டகைக்குள் புகுந்து திரைமேல் மை பாட்டிலை வீசினார்கள். படத்தின் பெயர் ‘என் யூத அம்மா’. தாய்மொழிக்காகப் போராடியவர்கள், தாய் பேசிய மொழியில், தாயைப் பற்றி வந்த படத்தின் முகத்தில் மை பூசினார்கள். சிரிப்பு இங்கே கொஞ்சம் தொண்டையில் சிக்கும். அந்த ஹீப்ருவுக்காக யிட்டிஷும், ஸ்பெயின் வழி யூதர்களின் லடினோவும், பாக்தாத் யூதர்களின் அரபியும் வீட்டுக்கு உள்ளே போய்ப் பதுங்கின. அந்த மண்ணில் முன்பிருந்தே ஒலித்த அரபிக்கு இருந்த ஆட்சிமொழி அந்தஸ்தை, 2018-இல் ஒரு சட்டம் ‘சிறப்பு நிலை’ என்று இறக்கிவைத்தது.

பென் யெஹூதா 1922 டிசம்பரில் காலமானார். அதே ஆண்டுதான் பிரிட்டிஷ் ஆட்சி ஆங்கிலம், அரபியோடு ஹீப்ருவையும் ஆட்சிமொழியாக்கியது. சுமார் 30,000 பேர் இறுதி ஊர்வலத்தில் நடந்தார்கள். அவருடைய அகராதியை இரண்டாம் மனைவி ஹெம்டாவும் மகன் எஹூதும் தொடர, 17 தொகுதிகளாக அது முடிய 1959 ஆகிவிட்டது. ஹெம்டா யாரென்று கேட்கிறீர்களா? காசநோயில் போன டெபோராவின் தங்கை. அக்கா வீட்டில் நடந்ததையெல்லாம் பார்த்தும் கழுத்தை நீட்டிய அந்த அம்மாளுக்குத்தான் முதல் சிலை வைக்க வேண்டும்.

தாலாட்டு மறுக்கப்பட்ட அந்த முதல் குழந்தை? இட்டமார் பென் ஆவி என்று பெயர் மாற்றிக்கொண்டு பத்திரிகையாளர் ஆனார். அப்பாவின் வழியில் சொற்களும் செய்தார். காருக்கும், விடுதலைக்கும் இன்று வழங்கும் ஹீப்ருச் சொற்கள் இவர் கைவரிசை என்பார்கள். 1927-இல் அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். மொழி ஹீப்ரு. எழுத்து? லத்தீன்! இந்த 22 எழுத்தை வைத்துக்கொண்டு மாரடிக்க முடியாது, உலகத்தோடு ஒட்ட ஒழுகுவோம், ஏ பி சி டி-யில் எழுதுவோம் என்று பத்திரிகையே நடத்திப் பார்த்தார். ஈ, காக்கை சீந்தவில்லை. தூங்கிய மொழியை அப்பா எழுப்பினார். பிள்ளை அது எழுந்ததும் உடையை மாற்றப் பார்த்தார். மொழி இருவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தன் இஷ்டத்துக்கு நடந்தது.

இஷ்டம் என்றால் அப்படி இப்படி இல்லை. இஸ்ரேலின் முதல் பிரதமர் பென் குரியன், செயப்படுபொருளுக்கு முன்னால் வரும் ‘எத்’ என்கிற குட்டி இடைச்சொல் வெட்டி வேலை என்று கருதி, தான் எழுதும்போது வெட்டித் தள்ளினார். ராணுவ அதிகாரிகளிடம் பெயரையே ஹீப்ருவில் மாற்றச் சொல்லி, அதைச் சாதிக்கவும் முடிந்தவர். ஆனால் ‘எத்’திடம் அவர் ஜம்பம் சாயவில்லை. இன்றும் அது ஒவ்வொரு வாக்கியத்திலும் உட்கார்ந்திருக்கிறது.

பேச்சு வழக்கோ கேட்கவே வேண்டாம். ‘சூப்பர்’ என்பதற்கு ‘சபாபா’, அரபி. திட்ட வேண்டுமா? பாதி அரபி, பாதி ரஷ்யன். புனித மொழியில் காரசாரமான கெட்ட வார்த்தைக்குப் பஞ்சம், அதனால் இறக்குமதி. இரண்டு இஸ்ரேலியர்கள் போனில் அரை மணி ஹீப்ருவில் அளந்துவிட்டு வைக்கும்போது சொல்வது, ‘யல்லா, பை’. முதல் சொல் அரபி, இரண்டாவது ஆங்கிலம்.

நமக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. சாலமன் ராஜாவின் கப்பல்கள் பொன், வெள்ளி, தந்தம், குரங்கோடு ‘துக்கி’களையும் கொண்டுவந்ததாகப் பைபிள் கூறுகிறது. அது மயில், நம் ‘தோகை’யே அங்கே போய்த் துக்கியாயிற்று என்பது கால்டுவெல் முதலானோர் கருத்து. மயிலாசனமே போட்டிருக்கலாம் நாம். அதற்குள் நவீன ஹீப்ரு அந்தச் சொல்லைக் கிளிக்குக் கொடுத்துவிட்டது. மயில் போய்க் கிளி வந்தது டும் டும் டும்.

இப்படித் தறிகெட்டு ஓடும் மொழியை மேய்க்க 1953-இல் சட்டப்படி ஒரு அமைப்பு ஏற்படுத்தினார்கள். பெரிய பெரிய பண்டிதர்கள். அயல்மொழிச் சொல் ஒன்று எல்லை தாண்டினால், கூடிப் பேசி, பைபிளையும் தல்மூத்தையும் துழாவி, அப்பழுக்கற்ற ஹீப்ருச் சொல் ஒன்றைப் பிரசவித்து வெளியிடுவார்கள். சில பிழைக்கும், பல பிழைக்காது. இன்றுவரை அந்தப் பணி ஓய்வில்லாமல் நடக்கிறது. அந்த அமைப்பை ஹீப்ருவில் எப்படி அழைக்கிறார்கள் என்கிறீர்களா? ‘அகாடமியா’. சுத்தமான கிரேக்கம்!